சிறு படகுக்கு ஒரு டிரெய்லர்: வாங்குவதா, கட்டுவதா?

சிறு மோட்டார் படகை வீட்டிலிருந்து நீர்க்கரைக்கும், நீர்க்கரையிலிருந்து வீட்டுக்கும் காரின் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லும் வண்டிதான் படகு டிரெய்லர். செங்கல், மணல், வீட்டுச் சாமான் ஏற்றும் டிரெய்லர்களுக்கு இல்லாத ஒரு வேலை இதற்கு உண்டு. நெடுஞ்சாலையில் ஓடிவந்த சூடு ஆறுவதற்குள் பின்பக்கமாகச் சரிவில் இறங்கி, சக்கரம் முழுக உப்புநீரில் நிற்க வேண்டும். ஆண்டு முழுவதும் கணக்கிட்டாலும் அந்த முழுக்கு சில மணி நேரத்துக்கு மேல் வராது. ஆனாலும் எந்த உலோகத்தில் சட்டம், எந்த வகை பிரேக், விளக்குக்கு எப்படி ஒயர் என்பதையெல்லாம் முடிவு செய்வது அந்தச் சில மணி நேரம்தான்.

இந்த வண்டியின் சூட்சுமங்களைப் பார்க்க ஆஸ்திரேலியா பொருத்தமான நாடு. அங்கே மக்களில் பெரும்பாலோர் கடற்கரையை ஒட்டிய நகரங்களில் வாழ்கிறார்கள். ‘டின்னி’ என்று அவர்கள் அழைக்கும் நான்கைந்து மீட்டர் அலுமினியப் படகு, வாரநாட்களில் வீட்டு முற்றத்தில் டிரெய்லர் மேலேயே நிற்கும். தமிழகக் கரைகளில் ஃபைபர் படகை ஆட்களோ டிராக்டரோ இழுத்து மணலில் ஏற்றி வைப்பார்கள். மறுநாள் அதே இடத்திலிருந்து கடலுக்குள் தள்ளுவார்கள். ஆஸ்திரேலியரின் படகு ஒவ்வொரு முறையும் சாலை வழியாகவே கடலுக்குப் போகிறது. படகு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் டிரெய்லர் வழியில் பழுதானால் அன்றைய மீன்பிடி அங்கேயே முடிந்தது.

எல்லா முடிவுகளுக்கும் முன்னால் வருவது எடைக்கணக்கு. விற்பனைத் தாளில் அச்சிடும் எடை பெரும்பாலும் படகின் வெறும் உடலுக்கு உரியது. 4.5 மீட்டர் அலுமினிய உடல் ஒன்று 250 கிலோ என்று கொள்ளலாம். 40 குதிரைத்திறன் கொண்ட நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்டு இன்ஜின் ஏறத்தாழ 100 கிலோ. 50 லிட்டர் பெட்ரோல் 37 கிலோ, பேட்டரி 20 கிலோ. நங்கூரம், அதன் சங்கிலி, உயிர்காப்பு அங்கிகள், தூண்டில்கள், ஐஸ் பெட்டி எல்லாம் சேர்ந்து 45 கிலோ. ஆக, 250 கிலோ என்று வாங்கிய படகு சாலையில் 450 கிலோ ஆகிவிடுகிறது. டிரெய்லரின் சொந்த எடை 200 கிலோவையும் கூட்டினால் கார் இழுக்க வேண்டியது 650 கிலோ.

ஆஸ்திரேலியச் சட்டம் இதில் இரண்டு அளவுகளைப் பார்க்கிறது. சுமையோடு கூடிய டிரெய்லரைக் காரில் மாட்டாமல் தனியாக நிறுத்தி எடைபோட்டால் வருவது மொத்த எடை. அதற்கான உச்சவரம்பை ஏ.டி.எம். என்கிறார்கள். காரில் மாட்டிய பிறகு சக்கரங்கள் மட்டும் தாங்கும் எடைக்கான வரம்பு ஜி.டி.எம். இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம், டிரெய்லரை மாட்டும் காரின் பின்புறக் குமிழின் மேல் விழும் சுமை. ஜி.டி.எம். 750 கிலோ வரை இருந்தால் ஒற்றை அச்சு டிரெய்லருக்கு பிரேக் கட்டாயமில்லை. அதற்கு மேல் 2,000 கிலோ வரை குறைந்தது ஓர் அச்சின் சக்கரங்களிலாவது பிரேக் வேண்டும். 2,000 கிலோவையும் தாண்டினால் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக் வேண்டும். அதை ஓட்டுநர் தம் இருக்கையிலிருந்தே இயக்க முடியவேண்டும். டிரெய்லர் காரிலிருந்து கழன்றுவிட்டால் பிரேக் தானாகப் பிடிக்கவும் வேண்டும். இவை தவிர, கார் எவ்வளவு இழுக்கலாம் என்று அதன் தயாரிப்பாளர் விதித்த வரம்பும் உண்டு. சிறிய கார்களுக்கு பிரேக் இல்லாத டிரெய்லரை இழுக்கும் வரம்பு 750 கிலோவுக்கும் வெகுவாகக் கீழே இருக்கலாம். ஆகவே டிரெய்லரைப் பார்க்கப் போகுமுன் காரின் கையேட்டைப் புரட்டுவது முதல் வேலை.

டிரெய்லரோடு 650 கிலோ வரும் மேலே சொன்ன படகுக்கு பிரேக் இல்லாத டிரெய்லர் சட்டப்படி போதும். ஆனால் படகு வைத்திருப்பவர்கள் அதை வாங்கியபடியே விட்டுவைப்பதில்லை. இரண்டாவது பேட்டரி வரும், பெரிய பெட்ரோல் தொட்டி வரும், சில ஆண்டுகளில் 60 குதிரைத்திறன் இன்ஜினும் வரும். மீதமிருக்கும் இடைவெளி அதற்குள் கரைந்துவிடும். எடை வரம்பை நெருங்கும் என்று தெரிந்தால் தொடக்கத்திலேயே பிரேக் உள்ள வண்டியை எடுப்பதுதான் சரி. அதற்காக 2,000 கிலோ தாங்கும் வண்டியில் 450 கிலோ படகை ஏற்றுவதும் தவறு. அவ்வளவு விறைப்பான ஸ்பிரிங்குகள் சிறு சுமைக்கு வளையாது; சாலையின் ஒவ்வொரு குழியும் நேராகப் படகின் அடிப்பகுதியில் அடியாக இறங்கும். அலுமினியப் படகுகளின் வெல்டிங் இணைப்புகள் கடலில் விரிசல் விடுவதைவிட இப்படிச் சாலையில் விரிசல் விடுவதற்கே வாய்ப்பு அதிகம்.

அடுத்தது டிரெய்லரின் உலோகச் சட்டம். வெறும் பெயின்ட் அடித்த எஃகு, நன்னீர் ஏரிக்கு மட்டும் போகும் படகுக்கு ஓரளவு தாங்கும். உப்புநீருக்கு அது உதவாது. பெயின்டில் விழும் முதல் கீறலிலிருந்தே துரு உள்ளே பரவத் தொடங்கும். வழக்கமான தீர்வு, உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த எஃகு. முழுச் சட்டத்தையும் ஏறத்தாழ 450 டிகிரி செல்சியஸ் சூட்டில் உள்ள துத்தநாகத் தொட்டியில் முக்கும்போது துத்தநாகம் எஃகோடு கலந்து ஒரு கலவைப் படலமாகவே ஒட்டிக்கொள்கிறது. கீறல் விழுந்தாலும் சுற்றியுள்ள துத்தநாகம் தான் முதலில் அரிபட்டு எஃகைக் காக்கிறது. டப்பாவில் விற்கும் துத்தநாக ஸ்பிரே சிறு கீறல்களை மூடப் பயன்படும். முழுச் சட்டத்துக்கும் அதை அடித்துவிட்டு முக்கி எடுத்ததற்குச் சமம் என்று நினைப்பது ஏமாற்றத்தில் முடியும்.

அலுமினியச் சட்டங்களும் கிடைக்கின்றன. எடை குறைவு, துரு இல்லை. ஆனால் அலுமினியமும் எஃகும் உப்புநீரில் ஒன்றையொன்று தொட்டால் மின்வேதி அரிப்பு தொடங்கும். அதில் கரைவது அலுமினியம். எனவே ஒவ்வொரு போல்ட்டுக்கும் அச்சுப் பிணைப்புக்கும் நடுவே பிளாஸ்டிக் அல்லது ரப்பர் தடுப்பு வேண்டும். எந்த உலோகமானாலும் திறந்த ‘சி’ வடிவக் கம்பி, மூடிய பெட்டிக் குழாயைவிடக் கழுவ எளிது. குழாய்க்குள் புகுந்த உப்புநீர் வெளியேற வழியில்லாமல் தங்கினால், வெளியே பளபளக்கும் சட்டம் உள்ளிருந்து அரித்துப்போகும்.

அச்சையும் சட்டத்தையும் இணைக்கும் ஸ்பிரிங் இரண்டு வகை. எஃகுப் பட்டைகளை அடுக்கிய லீஃப் ஸ்பிரிங் மலிவு. எந்த ஊரிலும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் பட்டைகளுக்கு இடையே உப்பு சேர்ந்து துருப்பிடிக்கும். இன்னொரு வகையில், சதுரக் குழாய்க்குள் 45 டிகிரி திரும்பி நிற்கும் ஒரு சதுரக் கம்பியும், இரண்டுக்கும் இடையே நான்கு மூலைகளில் இறுக்கிச் செருகிய ரப்பர் உருளைகளும் இருக்கும். சக்கரம் மேலே எழும்போது கம்பி திரும்பி ரப்பரை நசுக்குகிறது. ஓட்டம் மென்மையானது, பராமரிப்பு குறைவு. கெட்டுப்போனால் பழுது பார்க்க முடியாது. அச்சையே மாற்ற வேண்டும். தொலைதூரக் கரைகளுக்குப் போகிறவர்களுக்கு லீஃப் ஸ்பிரிங்கே நம்பகமான தேர்வு.

படகு டிரெய்லர் வழியில் நின்றுபோவதற்கு முக்கியமான காரணம் சக்கரக் குடத்துக்குள் இருக்கிறது. நெடுந்தூரம் ஓடி வந்ததும் குடமும் அதற்குள்ளிருக்கும் பேரிங்குகளும் சூடாகியிருக்கும். உள்ளேயுள்ள காற்று விரிந்திருக்கும். அந்தச் சூட்டோடு குளிர்ந்த நீரில் இறக்கினால் காற்று சட்டென்று சுருங்கி, உள்ளே வெற்றிடம் போன்ற ஒரு இழுப்பு உண்டாகும். பின்பக்கத்து ரப்பர் சீல் சற்றே தேய்ந்திருந்தாலும் அந்த இழுப்பு உப்புநீரை உள்ளே உறிஞ்சிவிடும். நீர் கலந்த கிரீஸ் பால்நிறமாக மாறி வழுக்கும் தன்மையை இழக்கும். பேரிங்கின் உருளைகளில் துருப்புள்ளிகள் விழும். அப்போதே எதுவும் தெரியாது. பல வாரம் சும்மா நின்றபிறகு நெடுஞ்சாலையில் போகும்போது பேரிங் உடையும். சில வேளைகளில் சக்கரமே கழன்று போகும்.

இதற்குத் தற்காப்பு மூன்று. சரிவை அடைந்ததும் உடனே இறங்காமல், படகின் கட்டுகளை அவிழ்ப்பது, சாமான் ஏற்றுவது போன்ற வேலைகளை முதலில் முடித்துக் குடம் ஆற நேரம் கொடுப்பது ஒன்று. நீரில் கரையாத மரைன் கிரீஸை மட்டும் பயன்படுத்துவது இரண்டு. மூன்றாவது, குடத்தின் வாயில் பொருத்தும் ஸ்பிரிங் வைத்த மூடி. அது உள்ளே கிரீஸை எப்போதும் லேசான அழுத்தத்தில் வைத்திருப்பதால் நீர் நுழைய இடமிருக்காது. அந்த மூடிக்குள் அளவுக்கு மீறி கிரீஸை அடித்தால் பின்பக்கச் சீல் பிதுங்கிவிடும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியக் கடைகளில் டிரெய்லர் பேரிங்கை இன்றும் ‘ஹோல்டன்’, ‘ஃபோர்டு’ என்று இரண்டு கார்களின் பெயரால் கேட்டு வாங்குகிறார்கள். ஹோல்டன் 2017-இலேயே அங்கு கார் உற்பத்தியை நிறுத்திவிட்டது. அந்த அளவு பேரிங் மட்டும் டிரெய்லர்களில் தொடர்கிறது. இரண்டில் ஃபோர்டு அளவு பெரியது, கூடுதல் எடை தாங்குவது. எதுவானாலும் ஒரு ஜோடி பேரிங், சீல், கிரீஸ், அவற்றை மாற்றும் கருவிகள், ஸ்டெப்னி ஆகியவை ஒவ்வொரு பயணத்திலும் கூட இருக்க வேண்டியவை.

டயரைப் பொறுத்தவரை சொல்ல அதிகமில்லை. டயர்களின் சுமைத்திறன் கூட்டுத்தொகை, சக்கரங்கள் தாங்கும் எடைக்குக் குறையக் கூடாது. படகு டிரெய்லரின் டயர் தேய்ந்து கெடுவதைவிட வெயிலில் நின்று வெடித்துக் கெடுவதே அதிகம் என்பதால், பக்கச்சுவரில் பொறித்த நான்கு இலக்கத் தேதியைப் பார்க்க வேண்டும். 2319 என்றிருந்தால் அது 2019-இன் 23-ஆம் வாரத்தில் செய்தது.

படகு உட்காரும் இருக்கைதான் இந்த வண்டியின் உயிர். நடுவே ஏராவைத் தாங்கும் உருளைகள், பக்கங்களில் நீளமான தாங்குபலகைகள், அல்லது இரண்டும் கலந்து. தட்டையான, நீர் ஆழமில்லாத சரிவுகளில் உருளைகளே கைகொடுக்கும். சக்கரம் பாதி முழுகுவதற்குள் படகு உருண்டு இறங்கிவிடும். ஆனால் உருளை, எடையைச் சில புள்ளிகளில் குவிக்கிறது. கண்ணாடி இழைப் படகின் மெல்லிய அடிப்புறத்துக்குத் தாங்குபலகையே நல்லது. எடை பரவலாக விழும். அதற்கு ஈடாக, படகு மிதக்கும்வரை வண்டியை ஆழமாக இறக்க வேண்டியிருக்கும். அலுமினியப் படகுக்குப் பலகை வைப்போர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கரையான் அரிக்காமலிருக்கச் செம்புக் கலவை ஏற்றிய மரத்தை அலுமினியம் தொடக் கூடாது; ஈரத்தில் அந்தச் செம்பு அலுமினியத்தைத் துளைத்துவிடும். பலகையின் மேல் ஒட்டும் கம்பளத்திலும் உப்பும் மணலும் தங்கும். கம்பளத்துக்குப் பதில் வழவழப்பான பிளாஸ்டிக் பட்டை பொருத்தினால் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் படகு எளிதில் வழுக்கும் என்பதால், நீருக்குள் இறங்கும்வரை, படகை வண்டிமேல் இழுத்துப் பிடிக்கும் வின்ச்சின் கொக்கியைக் கழற்றக் கூடாது.

இருக்கையில் எங்கு குறை வைத்தாலும் பின்முனையில் வைக்கக் கூடாது. இன்ஜின் தொங்குவது அங்கேதான். கடைசி உருளையோ பலகையின் நுனியோ படகின் பின்சுவருக்கு நேர் கீழே வரை நீள வேண்டும். பின்முனை தாங்கலின்றி அந்தரத்தில் நின்றால், மாதக்கணக்கில் இன்ஜின் பாரத்தில் படகின் அடிப்புறம் வளைந்துவிடும். அப்படி வளைந்த படகு பிறகு நீரில் வேகமெடுக்கும்போது அணியம் தாழ்ந்து, ஒழுங்காக எழும்பாது. இன்ஜின் கோளாறு என்று நினைத்துப் பலர் அலைவார்கள். கோளாறு டிரெய்லரில் இருக்கும்.

முன்பாரம், பின்பாரம் என்று மாட்டுவண்டிக்காரர்கள் பார்க்கும் கணக்கு இங்கும் அப்படியே பொருந்துகிறது. சுமை அச்சுக்குப் பின்னால் சாய்ந்தால் நுகம் மேலே தூக்கும். டிரெய்லரில் காரின் பின்பகுதியைத் தூக்கும். காரின் பின்சக்கரப் பிடி குறைய, வேகத்தில் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும். ஒவ்வொரு ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாகிக் கடைசியில் காரையும் சேர்த்துக் கவிழ்க்கக் கூடும். இதைத் தவிர்க்க, மொத்த எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குமிழின் மேல் விழ வேண்டும் என்பது ஆஸ்திரேலிய வழக்கம். 650 கிலோவுக்கு 65 கிலோ. டிரெய்லரைக் காரில் மாட்டும் உயரத்திலேயே நிறுத்தி, குமிழில் பூட்டும் கப்ளிங்குக்கு அடியில் ஒரு கட்டையும் வீட்டு எடைக்கருவியும் வைத்தால் இந்த அளவு தெரிந்துவிடும். 40 கிலோதான் காட்டுகிறது என்றால் வின்ச் நிற்கும் தூணை முன்னால் நகர்த்திப் படகை முன்தள்ள வேண்டும். அச்சுக்கும் குமிழுக்கும் இடையே 3.6 மீட்டர் இருந்தால், 450 கிலோ படகை 20 சென்டிமீட்டர் முன்தள்ளும்போது குமிழ்ச் சுமை 25 கிலோ கூடும். படகை நகர்த்த இடமில்லையென்றால் அச்சை அதன் ‘யு’ போல்ட்டுகளைத் தளர்த்திப் பின்னுக்குக் கொண்டுபோகலாம். ஆகவே அச்சை நகர்த்த முடியாதபடி வெல்டிங் செய்துவிட்ட டிரெய்லரை வாங்காமல் இருப்பது நல்லது.

பிரேக் உள்ள சிறு டிரெய்லர்களில் பொதுவாக இருப்பது உந்துவிசை பிரேக். கார் வேகம் குறையும்போது டிரெய்லர் முன்னால் முட்டும். அந்த முட்டுவிசையே கம்பியை இழுத்தோ எண்ணெயை அழுத்தியோ பிரேக்கைப் பிடிக்கிறது. இதில் சரிவு மேல் பின்னோக்கி ஏற்றும்போது பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். அதைத் தடுக்கும் சிறு மடக்கை மறந்து கரையில் திணறுவோர் உண்டு. குமிழின் அளவு 50 மில்லிமீட்டர். கப்ளிங்கின் மேல் அதே எண்ணும் தாங்கும் எடையும் பொறித்திருக்கும். 2,500 கிலோ வரையுள்ள டிரெய்லருக்குக் குறைந்தது ஒரு பாதுகாப்புச் சங்கிலி வேண்டும். கப்ளிங் கழன்றாலும் இழுவைத்தண்டு தரையில் மோதாத அளவுக்கு அது நீளம் குறைந்திருக்க வேண்டும். விளக்குகளுக்கு நீர் புகாத எல்.இ.டி. போதும். பழைய பல்ப் விளக்குகளை நீரில் இறக்குமுன் ஒயரைக் கழற்றாவிட்டால் சூடான பல்ப் உடையும். எர்த் இணைப்புக்குச் சட்டத்தை நம்பாமல் தனி ஒயர் இழுத்தால் பாதித் தொல்லை குறையும். படகை வண்டியோடு கட்டிவைப்பதற்கு வின்ச் பட்டையை நம்பக் கூடாது. அணியத்துக்கு ஒரு தனிச் சங்கிலியும் பின்முனைக்கு இரண்டு இறுக்குப் பட்டைகளும் வேண்டும்.

பழைய டிரெய்லர் வாங்குவோர் படகின் அழகைப் பார்த்து மயங்காமல் முதலில் வண்டிக்கு அடியில் குனிய வேண்டும். துரு முதலில் வருவது ஸ்பிரிங் மாட்டும் கொக்கிகளிலும் குறுக்குக் கம்பிகளின் அடிப்பக்கத்திலும்தான். சிறு சுத்தியலால் தட்டினால் நல்ல எஃகு கணீரென்று ஒலிக்கும். அரித்த இடம் மந்தமாக ஒலிக்கும். ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றினால் உறுமல் கேட்கக் கூடாது. மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் இருக்கக் கூடாது. குடத்தின் மூடியைத் திறந்து கிரீஸின் நிறத்தைப் பார்க்க வேண்டும். தகட்டில் உள்ள 17 எழுத்தெண் அடையாளம் பதிவுத்தாளோடு ஒத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; அந்த எண்ணை வைத்து ஆஸ்திரேலியாவின் தேசிய அடமானப் பதிவேட்டில் தேடினால், வண்டியின் மேல் முந்தைய உரிமையாளரின் கடன் நிலுவை இருக்கிறதா என்பதும் தெரியும். பேரிங், டயர், ஒயர் எல்லாம் மாற்றக்கூடியவை. அவற்றைக் காட்டி விலையைக் குறைக்கலாம். அரித்த சட்டத்துக்கு மட்டும் எந்த விலையும் மலிவல்ல.

சொந்தமாகக் கட்டினால் பணம் மிச்சமாகும் என்ற எண்ணம் பரவலாக உண்டு. கணக்குப் போட்டுப் பார்த்தால் மிச்சம் சொற்பம். கம்பி, அச்சு, குடம், ஸ்பிரிங், கப்ளிங், வின்ச், உருளை என்று ஒவ்வொன்றையும் சில்லறை விலைக்கு வாங்க வேண்டும். தொழிற்சாலைக்கு அவை மொத்த விலையில் வருகின்றன. கட்டுவதன் உண்மையான லாபம் பொருத்தம். மரப்படகு, பழைய வடிவப் படகு, ஏரா ஆழமாக இறங்கிய படகு என்று, கடையில் விற்கும் எந்த டிரெய்லரிலும் சரியாக உட்காராத படகு வைத்திருப்பவருக்கு அது பெரிய லாபம்தான். இடைவழி ஒன்றும் உண்டு: ஏற்கெனவே துத்தநாகத்தில் முக்கிய பாகங்களை வாங்கி போல்ட்டால் பூட்டிக்கொள்ளும் தொகுப்பு. வெல்டிங் தெரியாதவருக்கும், இருக்கைகளைத் தம் படகுக்கேற்ப அமைக்க விரும்புகிறவருக்கும் இதுவே ஏற்றது.

வெல்டிங் செய்து கட்டுவோருக்கு ஆஸ்திரேலிய அரசு, மொத்த எடை 4.5 டன் வரையுள்ள சிறு டிரெய்லர்களைக் கட்டுவதற்கான ‘வாகனத் தர அறிக்கை 1’ என்ற வழிகாட்டியை வெளியிட்டிருக்கிறது. அகலம் 2.5 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பதிலிருந்து விளக்குகள் நிற்க வேண்டிய இடம் வரை அதில் இருக்கின்றன. கட்டும் வேலையில் இரண்டு இடங்களில் கவனம் தேவை. இழுவைத்தண்டின் மேல், கீழ் விளிம்புகளில் குறுக்கே வெல்டிங் செய்வதும் துளையிடுவதும் ஆபத்து. வளைவு அழுத்தம் உச்சமாக இருப்பது அந்த விளிம்புகளில்தான். துளை தேவைப்பட்டால் பக்கச்சுவரின் நடு உயரத்தில் போட வேண்டும். இரண்டாவது, துத்தநாகத்தில் முக்க அனுப்புமுன் எல்லாத் துளைகளையும் போட்டுவிட வேண்டும். பிறகு போடும் துளையின் விளிம்பில் துரு பிடிக்கும் என்பது ஒரு காரணம். இன்னொன்று உயிர் சம்பந்தப்பட்டது: இரு முனையும் அடைத்த குழாய்க்குள் சிக்கிய ஈரம் 450 டிகிரியில் நீராவியாகி வெடிக்கும், உருகிய உலோகம் வேலையாட்கள் மேல் தெறிக்கும். மூடிய ஒவ்வொரு பகுதிக்கும் காற்றுப் போக்கும் வடிகாலும் இருந்தால்தான் எந்தப் பட்டறையும் அதைத் தொட்டியில் இறக்கும். முக்கி வந்த சட்டத்தில் மறுபடி வெல்டிங் செய்தால் எழும் துத்தநாகப் புகை கடும் காய்ச்சலை உண்டாக்கும். அங்கே பூச்சைத் தேய்த்தெடுத்துவிட்டுக் காற்றோட்டமான இடத்தில்தான் வேலை செய்ய வேண்டும்.

கட்டி முடித்த டிரெய்லருக்குத் தயாரித்தவர் பெயர், அடையாள எண், எடை வரம்பு, டயர் விவரம் ஆகியவை பொறித்த தகடு வேண்டும்; பிறகு மாநிலப் பதிவு அலுவலகத்தில் பதிவு. எடைமேடையில் ஒருமுறை வெறும் வண்டியாகவும் ஒருமுறை முழுச் சுமையோடும் நிறுத்திச் சீட்டு வாங்கிக்கொண்டால் எடையைப் பற்றிய ஊகங்களுக்கு இடமிருக்காது. முதல் சோதனையைக் கூட்டமில்லாத நாளில், நன்னீர்ச் சரிவில் வைத்துக்கொள்வது நல்லது. படகு நடுவில் வந்து உட்காருகிறதா, எந்த உருளை சுழலாமல் நிற்கிறது, எந்தப் பலகை படகைத் தொடவே இல்லை என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். முதல் ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் சக்கர நட்டுகளையும் ‘யு’ போல்ட்டுகளையும் மறுபடி முடுக்கி, குடத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும். வெதுவெதுப்பு இருக்கலாம், கை வைக்க முடியாத சூடு இருந்தால் பேரிங் நட்டு இறுக்கமாக இருக்கிறது, தளர்த்திச் சரிசெய்ய வேண்டும். அதன்பிறகு உப்புநீரில் இறங்கும் ஒவ்வொரு நாளும், வீடு திரும்பியதும் ஸ்பிரிங், பிரேக், சட்டத்தின் உட்புறம் என்று எல்லா இடங்களிலும் நன்னீரைப் பாய்ச்சிக் கழுவ வேண்டும்.